தபன் தா மாற்றிய நெட்வொர்க் கார்டு

இன்று காலை நியூ டவுன் அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் கணினிக்கு நெட்வொர்க் விட்டுவிட்டு வந்தது. கார்டு போய்விட்டது என்று நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கை ரிமி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்து, வங்க மொழியில் சொல்லிச் சிரித்தாள். "தாதா, துட்டோ மெஷினேர் ஏகி அட்ரெஸ்!" அண்ணா, இரண்டு கணினிக்கும் ஒரே முகவரி. ஒன்றின் செட்டிங்கை யாரோ இன்னொன்றில் அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். ஒரே இலைக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் யாருக்குப் போடுவார்? என் முதல் அலுவலகத்துத் தபன் தாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

இருபது வருடம் இருக்கும். பவானிபூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் என் முதல் வேலை. இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில்தான் சர்வர் உட்கார்ந்திருக்கும். இன்றும் அந்த இனிப்பு வாசனை வந்தால் இருமல் இல்லாமலே எனக்குத் தொண்டை கமறும். கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் தபன் தா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் 'தா', அண்ணன். என்னிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லை வீணாக்காமல் தினமும் மதியம் "சாப்டியா, சாப்டியா?" என்பார்.

எனக்கோ அப்போது லினக்ஸ் பித்து. லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து என் பழைய கணினியை டாக்சியில் ஏற்றிவந்து அலுவலக மாடியில் வைத்து, அங்கிருந்த நெட்வொர்க் கேபிளில் மாட்டி, மதிய வேளையில் பழகுவேன். நெட்வொர்க் செட்டிங் எழுதத் தெரியாது. சர்வரில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் காகிதத்தில் எழுதிவந்து தட்டினேன். என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு. அந்தக் காகிதத்தில் சர்வரின் முகவரியும் இருந்தது என்பது இன்று காலைதான் உறைத்தது.

அந்த வாரத்திலிருந்து மதியங்களில் சர்வர் தொடர்பு அறுந்தது. பில் போட முடியாமல் கீழே கூச்சல். நான் பதறி, என் கணினியை அணைத்துவிட்டு உதவிக்கு ஓடுவேன். போய்ச் சேர்வதற்குள் சரியாகியிருக்கும்! தபன் தா கேபிளை மாற்றினார். சாந்தினி சந்தையில் புதுக் கார்டு வாங்கி மாட்டினார். மறுநாளும் அறுந்தது.

மூன்றாம் வாரம் முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வீட்டில் இரண்டு மாதக் குழந்தை அவருக்கு. "கார்டு டிக் ஆச்சே, பிஷ்ஷாஷ் கொரோ," என்றார் என்னிடம். கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, நம்பு. நான் நம்பவில்லை.

அவர் இருக்கை எனக்கு வந்தது. சர்வரே கைக்கு வந்தபின் என் கணினி எதற்கு? வீட்டுக்கு எடுத்துப் போனேன். கோளாறும் கூடவே போயிற்று. முதலாளி என் கைராசியைப் புகழ்ந்தார். அம்மா கேசரி கிளறி, "சேந்து மூணு மாசத்துல சீட்டு கெடைச்சிருச்சு பாரு," என்றாள். நான் போன நேர்முகத் தேர்வுகளிலெல்லாம் இந்தச் சாதனையைத்தான் முதலில் சொன்னேன். அடப்பாவி என்று என்னையே திட்டத் தோன்றுகிறது. திட்டினால் ஆறுகிற நெஞ்சாக இல்லை.

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு பவானிபூர் போனேன். மருந்து வியாபாரம் இல்லை. அந்தக் கட்டடமே இல்லை, ஏழு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. தபன் தாவின் பழைய எண்ணை அழைத்தால் அப்படி ஓர் எண் இல்லை என்கிறது குரல். அவருடைய குடும்பப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை.

வாசல் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"தபன் தா," என்றேன்.

அவர் பதிவேட்டைத் திறந்து, வீட்டு எண்ணை எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார். "கோன் ஃப்ளாட்?"