மசாஃபிக்குப் போன வெள்ளைக் கார்

உம்மு சல்மா அக்காவுக்கு லைசென்ஸ் கிடைத்தபோது எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. ஐந்து முறை டெஸ்டில் தோற்றவர் ஆறாவது முறை வாங்கிவிட்டார். கீழக்கரைக்காரர், ஷார்ஜா ரோலாவில் என் எதிர் ஃபிளாட். கணவர் கௌஸ் முகைதீன் பாய்க்குத் தேராவில் மசாலாக் கடை. தங்கமான மனிதர்தான். ஆனால் அக்கா எப்போது போன் செய்தாலும், "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மகள் ஹிஃப்ஸாவுக்கு மூச்சு இரைத்தபோதும் அதையேதான் சொல்லி வைத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா கொளுத்தும் வெயிலில் சாலையில் நின்றார். ஜும்மா நேரம். ஒரு டாக்சியும் நிற்கவில்லை. கடைசியில் தண்ணீர் லாரிக்காரர் ஒருவர்தான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அந்த வாரமே அக்கா டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தார்.

லைசென்ஸ் வந்தும் சாவி வரவில்லை. பாய் புது வண்டி வாங்கிவிட்டதால் பழைய வெள்ளைக் கார் கீழே தூசி படிந்து சும்மா நின்றது. அக்கா விடாமல் நச்சரித்ததில் ஒரு நாள் பாய் சொன்னார்.

"மலைப் பக்கம் மசாஃபி வரைக்கும் ஓட்டிட்டு வா. நடுவுல உதவின்னு எனக்கு ஒரு போன் வந்துச்சோ, வண்டிய வித்துருவேன்."

மனிதருக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மிரட்டினார் என்பது என் கட்சி.

2006 பிப்ரவரியில் அந்தப் பயணம். துணைக்கு நான். வழியில் தைத் என்ற ஊருக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் சிவந்த மணல்; காற்று அதை அள்ளிச் சாலையோரம் கொட்டியிருந்தது. பின்னால் ஒரு ஜல்லி லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. அக்கா பதறி ஒதுங்கினார். முன்சக்கரங்கள் மணலில் இறங்கின. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தன.

நான் போனை எடுத்தேன். அக்கா அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அவுகளுக்குப் போன் போட்டா இன்னியோட முடிஞ்சுது சரசு. நாளைக்கு என் பிள்ளைக்கு மூச்சு வாங்குனா மறுபடியும் ரோட்டுலயா போய் நிக்கிறது?"

அன்றைக்கு அந்த வெயிலில் அவர் நின்றதை என் ஜன்னலிலிருந்து பார்த்தவள் நான்.

"பன்னெண்டு வருஷமா இவுக கூட மணலுக்குப் பிக்னிக் வந்திருக்கேன். வண்டி மாட்டும். ஆம்பளைக இறங்கி என்னமோ செய்வாக. நாங்க பிரியாணிச் சட்டியப் பிடிச்சிக்கிட்டு உள்ள இருப்போம். நான் சும்மாவா இருந்தேன்? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அபாயாவை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, டயர் வால்வை அழுத்திப் பாதிக் காற்றை இறக்கினார்; தொய்ந்த டயர் மணலில் புதையாதாம். நான் கையால் மணலைத் தோண்டினேன். ஆசையாக வளர்த்த நகமெல்லாம் போயிற்று. காருக்குள் காலடியில் விரித்திருந்த மிதியடிகளை எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் செருகினோம்.

அதற்குள் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்த பட்டாணி இனத்துக்காரர் இறங்கிச் சாவிக்குக் கை நீட்டினார். தானே ஓட்டி வெளியே எடுத்துத் தருகிறாராம்.

அக்கா தனக்குத் தெரிந்த எல்லா மொழியையும் கலந்து பேசினார். "பாய், தக்கா தோ. சாவி மாஃபி."

தள்ளிவிடு, சாவி மட்டும் கிடையாது. பட்டாணி சிரித்துவிட்டார். பிறகு அவரும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். இரண்டு தடவை உறுமிவிட்டு நின்ற கார் மூன்றாவது தடவை மிதியடியைக் கவ்விச் சாலைக்கு ஏறியது. என் வாய் நிறைய மணல்.

"போதும்க்கா, வீட்டுக்குத் திரும்பிருவோம்" என்றேன்.

"அவுக சொன்னது மசாஃபி" என்றார் அக்கா.

ஊர்ந்து ஊர்ந்து ஒரு பெட்ரோல் பங்க்கை அடைந்து காற்றடித்துக்கொண்டு மேலே போனோம். மலைகள் தெரியத் தொடங்கியபோது அக்காவின் போன் கைப்பைக்குள் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். பாய்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்னு சொல்லு" என்றார் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படியே சொன்னேன்.

"எதும் பிரச்சினையாம்மா?" என்றார் பாய், இறங்கிய குரலில். "அவ இன்னும் போனே பண்ணலியே."

"ஆமா பாய்" என்றேன். "நீங்கதான் பண்ணியிருக்கீங்க."