ஆமென் சொல்லாத ஊர்

என் அப்பா ஜெபம் பண்ணினால் ஆண்டவரே கைகட்டி நின்று கேட்க வேண்டும்போல இருக்கும். மதுரையில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் அவர். வகுப்புக்குக் கால அட்டவணை போட்ட பழக்கத்தில் ஜெபத்திலும் அதையே போடுவார். இன்ன வேளைக்கு இது, இன்ன வேளைக்கு அது என்று வரிசையாகச் சொல்லி முடிப்பார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். பார்த்தால் சிரித்துவிடுவோம்.

யுத்த காலத்தில், ஓர் ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம்; விவசாயக் குடும்பம். கல்யாணமும் அங்கே, ஓடு வேய்ந்த சின்னச் சபைக் கோயிலில். முதல் நாளே, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் கிளம்பினோம். மேட்டைக் கண்டால் பஸ் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்பா கோட்டும் தலைப்பாகையுமாகத் தள்ளினார். கல்யாணப் பெண் நான் உள்ளே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்த ஊரில் போன வருஷமும் மழை இல்லை, அந்த வருஷமும் இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. சபையார் தினமும் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் கூடி மழைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் நான் ஒரே மகள், பந்தலோ வெறும் தென்னங்கீற்று. நாங்கள் போய் இறங்கிய சாயங்காலம் பார்த்து அழகர்மலைப் பக்கம் வானம் கறுத்தது. ஊர் பூரித்தது. அப்பா பந்தலையே அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஜெபக் கூட்டம். பெண்ணின் தகப்பனார் என்ற மரியாதைக்கு, ஊர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் அப்பாவை ஜெபிக்கச் சொன்னார்.

“ஆண்டவரே, நாளைப் பந்தி முடிகிற வரைக்கும் மழையை நிறுத்தி வையும்” என்று அப்பா கேட்டு முடித்தார்.

எங்கள் ஜனங்கள் யார் ஜெபித்தாலும், எவ்வளவு நீட்டினாலும், கடைசியில் ஆமென் சொல்லாமல் விட மாட்டார்கள். தூங்கி விழுகிறவர்கூட அந்த இடத்தில் சரியாக விழித்துக்கொள்வார். அன்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. தொழுவத்தில் மாடு அசைபோடுவது கேட்டது. பெற்ற தகப்பனை விட்டுக்கொடுக்க முடியாமல் நான் மட்டும் முக்காட்டுக்குள்ளிருந்து ஈனசுரத்தில் ஆமென் என்றேன். மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும்தான். அப்பா சிரிக்கவில்லை. யாருக்கு நடுவில் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் தாலி கட்டும்போது ஓட்டின்மேல் சடசடவென்று விழுந்தது. மாப்பிள்ளையின் விரல் முடிச்சிலேயே நின்றது. சபை மொத்தமும் எழுந்து வெளியே ஓடியது.

“மாப்ள, முடிச்சப் போட்டுட்டுப் போயிருங்க” என்று போதகர் கெஞ்சினார்.

முடிச்சு விழுந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வாசலைத் தாண்டியதும் இரண்டு பேரும் சேற்றில் வழுக்கி விழுந்தோம். மாமியார் எங்களைத் தூக்கிவிடாமல் எங்களைச் சுற்றிக் கும்மியடித்தார். பந்தல் சரிந்து, குழம்பு அண்டா மழைத் தண்ணீரில் நிரம்பி வழிந்தது. எனக்கு அம்புட்டு சந்தோஷம். அப்பாவைத்தான் காணவில்லை; தேடிக்கொண்டு ஓடினேன்.

கண்மாய்க் கரையில் இருந்தார். கைக்குட்டை விரிக்காமல் எங்கேயும் முழங்கால் போடாத மனிதர், கோட்டோடு சேற்றில் முழங்காலில் நின்றார்.

“பந்தி போச்சேப்பா” என்றேன்.

“போகட்டும் தாயி. நான் சொன்னபடி அவரு செய்யாம விட்டாரே, அதுக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதற்குள் ஊரே எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. உபதேசியார், நேற்றுப்போலவே, அப்பாவை ஜெபிக்கச் சொன்னார். அப்பா சேற்றுக் கையைக் கூப்பினார்.

“ஆண்டவரே, இனிமே நீரே பாத்துக்கிரும்” என்றார். அவ்வளவுதான் ஜெபம்.

ஆமென் என்று எழுந்த சத்தத்தில் மாடுகள் மிரண்டன. முதல் நாள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.