பார்த்தேன், நல்லா இருக்கு

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே குனிந்து, மேஜைக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். வெதுவெதுப்பாக இருந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். நிமிர்ந்ததும் ஒரு நீள நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே "காலை 7.10, ஆஜர்" என்று எழுதுகிறார். மின்சாரம் போய் வந்த நாள் என்றால் "லேட்". பெட்டி நின்று போயிருந்தால் "ஆப்சென்ட்", பக்கத்திலேயே காரணமும் உண்டு. கம்ப்யூட்டருக்கு வருகைப் பதிவேடு வைத்திருக்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கூரைத் தகடு செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வருகை எழுதியவர். கேட்டை ஒட்டிய சின்ன அறை, ஒரு ஜன்னல், சுவரில் கடிகாரம், எதிரில் இவர். 'டைம் ஆபீஸ்' என்ற அந்த அறையின் பெயரே இவருக்கும் ஒட்டிக்கொண்டது. 'டைமாபீஸ்' என்றால்தான் தெருவில் தெரியும். கூட வேலை பார்த்தவர்கள் இவரைப் பற்றிப் பெரிதாக நல்லது சொல்வதில்லை. இரண்டு நிமிடம் தாமதமாக வந்த சொந்த மைத்துனருக்கே 'லேட்' போட்டவர். "கடிகாரத்துக்கு மச்சான் கிடையாது சார்" என்பார், இப்போதும் துளி வருத்தமில்லாமல்.

தொழிற்சாலை மூடி ஒன்பது வருடமாகிறது. மூடிய பிறகுதான் கலவைப் பிரிவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இருமத் தொடங்கினார்கள். தகட்டுக்காக அரைத்த தூள் நுரையீரலில் தங்கிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். இவர்கள் அந்தப் பிரிவில் வேலை செய்ததற்கு ஆதாரமே இல்லை என்று நிர்வாகம் சொன்னது. ஆதாரம் இவர் வீட்டு அலமாரியில் இருந்தது. ஆலையைக் காலி செய்த அன்று பழைய பதிவேடுகளை முற்றத்தில் குப்பையாகக் கொட்டினார்கள். பதினோரு வருடத்துப் பதிவேடுகளை இவர் சைக்கிளில் மூன்று நடை அடித்துக் கொண்டுவந்திருந்தார். யார், எந்தப் பிரிவில், எத்தனை நாள் என்பதெல்லாம் இவருடைய குண்டு எழுத்தில் அப்படியே இருக்கிறது. கலவைப் பிரிவில் மொத்தம் நாற்பத்தோரு பேர்.

இது வேலையால் வந்த நோய்தானா என்று முடிவு செய்ய ஒரு மருத்துவக் குழு அமைத்தார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் ஆதாரத்தோடு மனு கொடுத்தால் கடைசிவரை சிகிச்சை. கொடுக்காவிட்டால் அவரவர் பாடு. ஆட்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்ததால், இவர் பதிவேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து ஓர் இலவச இணையதளத்தில் போட்டார். நிர்வாகத்தின் வக்கீல் அந்தத் தளத்துக்காரர்களுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே பக்கத்தைக் காணோம்.

"மூணு வரி சார். உங்கள் பக்கம் நீக்கப்பட்டது, அவ்ளோதான். ஏன்னு கேக்கலாம்னா அந்தப் பக்கம் மனுஷனே கிடையாது, மெஷின் பதில் போடுது. சரி, என் வீட்டுக்குள்ளயே வெச்சுக்கறேன், எவன் வந்து புடுங்கறான்னு பாப்போம்."

வீட்டிலேயே இணையதளத்துக்கு ஒரு சர்வர் அமைப்பது என்று அறுபத்து மூன்றாம் வயதில் இறங்கியது இப்படித்தான். கல்யாணமாகிப் போன மகள் விட்டுச் சென்ற பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினார். போனில் பாடம் நடத்தும் வீடியோவை ஒரு வரிக்கு ஒருமுறை நிறுத்தி, நோட்டில் எழுதி, பிறகு ஒற்றை விரலால் தட்டுவார். தட்டும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்வார். மாடியில் குடியிருக்கும் எனக்கு அந்தப் பாராயணம் தினமும் கேட்கும். "ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி சூடோன்னு போடணும் சார். மேனேஜர் கையெழுத்து மாதிரி. அது இல்லாம ஃபைல் நகராது" என்று எனக்கும் பாடம் எடுத்தார். ஒரு புள்ளி தப்பினால் திரை முழுக்கத் திட்டு வரும். கோபமே வராது. புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, நோட்டில் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

அவர் மனைவியான வீட்டு அம்மாளுக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. "ஆலையில உக்காந்து ஊரையே பகைச்சுக்கிட்டது போதாதா? இப்ப டப்பாவைக் கட்டிக்கிட்டு அழறாரு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளின் தம்பிதான் 'லேட்' வாங்கிய மைத்துனர். கலவைப் பிரிவு. பட்டியலில் பதினேழாவது பெயர். ஆலை மூடிய மூன்றாவது வருடமே இறந்துபோனார்.

ஏழு வாரம் போராடி ஒரு பகலில் பக்கம் திறந்தது. கம்ப்யூட்டரில் தெரிந்தது, அவருடைய போனிலும் தெரிந்தது. சமையலறைக்கு ஓடி, வீட்டு அம்மாளின் போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். அதிலும் தெரிந்தது. 192.168 என்று தொடங்கும் அந்த எண்தான் முகவரி. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். தொழிற்சங்கச் செயலாளரிடம் நாற்பத்தோரு குடும்பத்துக்கும் அனுப்பச் சொன்னார்.

ஒரே வாரத்தில் பாராட்டு வந்து குவிந்தது. "எல்லாருக்கும் அனுப்பிட்டேன் தோழர், எல்லாரும் பாத்து எடுத்துக்கிட்டாங்க" என்றார் செயலாளர். அண்ணன் ஊரிலிருந்து போன் போட்டு, "பிரமாதம்டா" என்றார். மகள் கட்டைவிரல் படம் அனுப்பினாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது என்னையும் கேட்டார். அவர் கொடுத்த சீட்டு எந்தச் சட்டைப் பையில் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. "பார்த்தேன் சார், நல்லா இருக்கு" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது.

இரண்டரை மாதம் போயிற்று. மனுவுக்குக் கடைசித் தேதி வர நான்கு நாள் இருக்கும்போது ஓர் அம்மாள் வந்தார். கலவைப் பிரிவுக்காரர் ஒருவரின் மனைவி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"அண்ணே, நீங்க குடுத்த நம்பர் தெறக்கவே மாட்டேங்குது. எனக்குத்தான் தட்டத் தெரியலையோன்னு இத்தனை நாளா பேசாம இருந்துட்டேன். எம் புருஷன் பேரு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

"தெறக்குமேம்மா. ஊரே பாத்துடுச்சே" என்றபடி இவர் தன் போனைத் தட்டினார். பக்கம் வந்தது. அந்த அம்மாளின் போனில் அதே எண்ணைத் தட்டினார். வெள்ளைத் திரை. இரண்டு போனையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றித் தட்டினார். ஒன்றில் குண்டு எழுத்துப் பதிவேடு, மற்றதில் ஒன்றுமில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் சின்னதுதான். அந்த எண் வீட்டுக்குள் மட்டும் செல்லும். வீட்டு இணைப்பில் இருக்கும் போனுக்கு அந்தப் பெட்டியைக் காட்டும், வாசற்படிக்கு அந்தப் பக்கம் அதற்கு மரியாதை இல்லை. அவரே எனக்கு விளக்கினார். "ஆலையில இன்டர்காம் இருந்துச்சுல்ல, டைமாபீசுக்கு இருபத்து நாலு. ஊர்ல இருக்கறவன் கிட்ட போயி இருபத்து நாலைச் சுத்து, நான் எடுப்பேன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதைத்தான் செஞ்சிருக்கேன். வீடியோவுல பாடம் நடத்தறவன் வீட்டு நம்பரும் 192.168-ன்னுதான் ஆரம்பிச்சுது, என் வீட்டு நம்பரும் அப்படித்தான். அப்பவே பொறி தட்டியிருக்க வேணாமா? முப்பத்தோரு வருஷம் ஒரு நிமிஷம் பிசகாம எழுதினவன் சார் நான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, எனக்குத் தெரியல. நீங்க எந்தப் பக்கத்தைப் பாத்தீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. சந்தேகம் கேட்கும் மாணவனைப் போல நிஜமாகவே கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அந்தச் சீட்டை ஒரே ஒருமுறை தட்டிப் பார்த்து, "சார், வரலையே" என்று நான் சொல்லியிருந்தால் இரண்டரை மாதம் மிச்சம். நான் மட்டுமா? அண்ணன், மகள், செயலாளர், தெருமுனைக் கடைக்காரர் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. தட்டிப் பார்க்கச் சோம்பல், பார்க்கவில்லை என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான் எங்கள் குற்றம். இதை எழுதும்போதும் அது சின்னக் குற்றமாகத் தெரிய மாட்டேன் என்கிறது.

மிச்சமிருந்த நான்கு நாளில் அவரும் வீட்டு அம்மாளும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நகலெடுத்து, பஸ் ஓட்டுநர்களிடம் கொடுத்தனுப்பி, பதினாறு பேரை மனு கொடுக்க வைத்தார்கள். இறந்த மைத்துனர் போக, இருபத்து நான்கு பேர் விட்டுப்போனார்கள். அதில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

யார் யார் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று சர்வரே ஒரு கணக்கு எழுதி வைக்கும் என்பதை அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டார். திறந்து பார்த்தால், இரண்டரை மாதத்துக்கும் சேர்த்து இரண்டே போன்கள். ஒன்று அவருடையது. மற்றது தினமும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் வந்து, பதினேழாவது பெயருள்ள பக்கத்தை மட்டும் திறந்து பார்த்திருக்கிறது. அதை அவர் வீட்டு அம்மாளிடம் கேட்கவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை.

இப்போது வெளி ஆட்களும் வருகிற மாதிரி இணைப்புக்காரர்களோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி, சரியான முகவரி வாங்கிவிட்டார். பக்கம் நிஜமாகவே வெளியே தெரிகிறது. முதல் நாள் வந்தவர்கள் யாரென்று பார்த்தால், எங்கெங்கிருந்தோ கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையப் பார்த்த திருட்டு இயந்திரங்கள். நானூற்றுச் சொச்சம் முறை. "பரவால்ல சார், திருடனாவது நேர்ல வந்து கதவைத் தட்டிப் பாக்கறான்" என்றார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும் எனக்கும்.

விட்டுப்போனவர்களின் மனுவை இன்னும் ஒரு மாதம் வாங்கிக்கொள்வதாக மருத்துவக் குழு இறங்கி வந்திருக்கிறது. இந்தமுறையும் ஆட்களின் விலாசமெல்லாம் சங்கத்தின் கையில்தான். புது முகவரியைச் செயலாளருக்கு அனுப்பி, முதலில் நீங்கள் திறந்து பாருங்கள், பிறகு மற்றவர்களுக்கு அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார். போன ஞாயிறு பகல் நான் அங்கே இருந்தபோது செயலாளரே கூப்பிட்டார். இவர் போனை மேஜையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"பாத்தீங்களா தோழர்?"

"பாத்தேனே, நேத்தே பாத்துட்டேன். நல்லா வந்திருக்கு."

இவர் மேஜைக்கு அடியில் குனிந்தார். பெட்டிக்குப் பின்னால் போகும் இணைய ஒயரை நகத்தால் அழுத்தி உருவி எடுத்தார்.

"இப்ப ஒருதரம் தெறந்து பாருங்களேன். கொஞ்சம் மாத்தியிருக்கேன்."

"ஒரு நிமிஷம்... ஆங், வந்துடுச்சு. முன்னைக்கு இப்ப இன்னும் தெளிவா இருக்கு தோழர். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க, வயசானவங்க பாப்பாங்க இல்ல?"

"ஆகட்டும் தோழர்" என்றவர், கையிலிருந்த ஒயரின் முனையை என் பக்கமாக உயர்த்திக் காட்டினார். அந்தக் குரல் பாராட்டி ஓயும்வரை கையை இறக்கவில்லை.