சிவக்கொழுந்தின் பூச்சவர்க்காரம்

சிவக்கொழுந்து கைராசிக்காரி என்று ஊரில் பேர். அவள் நட்ட கத்தரி காய்க்கும். அவள் அடைவைத்த முட்டையில் ஒன்றுகூடக் கூழாகாது. பெற்ற ஒரே பெண் மட்டும் கைவிட்டுப் போய்விட்டாள். போனவள் கடல் கடந்தா போனாள்? மருதனார்மடத்திலிருந்து மானிப்பாய் எத்தனை தூரம்! ஆறுதலாக நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத்தான் சிவக்கொழுந்தால் மூன்று வருடமாக நடந்து முடிக்க இயலவில்லை.

நடந்தது இதுதான். மகள் பாலேஸ்வரி மிஷன் பள்ளிக்கூட விடுதியில் படித்தாள். படிப்பு முடிந்து ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகப் போனாள். அங்கே மருந்து கலக்கிக்கொண்டிருந்த சிமியோன் என்ற பெடியனைக் கண்டாள். நாற்பத்தோராம் ஆண்டு ஆவணியில் வேதக்கோயிலில், பாதிரியார் முன்னால், கலியாணமும் முடிந்தது. தகப்பன் கதிரவேலு புகையிலைத் தோட்டக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்தால் பிடிதான். அவர் கத்தவுமில்லை, அடிக்கவுமில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு இருந்தவர், சோற்றில் கைவைக்குமுன் பெண்சாதியைப் பார்த்து ஒன்று சொன்னார்.

“அவளின்ரை வீட்டு வாசலை நீ மிதிச்சியெண்டால், பிறகு இந்த வாசலுக்கு வராதை.”

அதோடு சரி. அந்த வீட்டில் அதற்குப் பிறகு மகளின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

பெயரை எடுக்காவிட்டால் நினைப்பு வராதா? நல்ல கதை! சிவக்கொழுந்துக்குச் சோறு இறங்காது, நித்திரை வராது. அதிலும் சித்திரைப் புதுவருடம் நெருங்க நெருங்க ஏக்கம் கூடிக்கொண்டே போகும். வருடப்பிறப்பன்று எல்லோரும் மருத்துநீர் வைத்துத்தான் தலைமுழுகுவார்கள். தாமரை, மாதுளை, துளசி, வில்வம், மஞ்சள், சுக்கு, திப்பிலி என்று போட்டுக் காய்ச்சிய நீர் அது. பஞ்சாங்கத்தில் சொன்னபடி தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை வைத்து, வீட்டில் மூத்தவர் இளையவரின் உச்சியில் வார்த்து உள்ளங்கையால் தப்பிவிட வேண்டும். பாலேஸ்வரி பிறந்த வருடத்திலிருந்து அவளுடைய உச்சியில் வைத்தது சிவக்கொழுந்தின் கைதான். இனி அந்தத் தலைக்கு யார் வைப்பது? வேதக்காரர் வீட்டில் மருத்துநீர் ஏது?

இந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் சவர்க்கார யோசனை.

சவர்க்காரம் காய்ச்ச அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பழகிக்கொண்டு வந்து பாலேஸ்வரிதான் ஒரு விடுமுறையில் காட்டிக்கொடுத்தாள். வாழைத்தண்டையும் பனைமட்டையையும் எரித்த சாம்பலைச் சுண்ணாம்போடு ஊறவைத்துத் தெளிவை வடிக்க வேண்டும். அதில் முட்டையைப் போட்டால் மிதக்க வேண்டும். தாழ்ந்தால் காரம் போதாது. பிறகு தேங்காயெண்ணெயோடு சேர்த்து, கை கழன்று விழும்வரை துழாவ வேண்டும். உப்பை அள்ளிப் போட்டதும் களி திரண்டு மேலே வரும். அதை அள்ளிச் சிரட்டைகளில் அமத்தி, ஒரு மாதம் நிழலில் காயவிட்டால் சரி. உலக யுத்தகாலத்தில் கடையில் சவர்க்காரம் கண்ணாலும் காணக் கிடைக்கவில்லை. ஆகவே அவள் காய்ச்சுவதைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கதிரவேலுவே புகையிலைப் பிசின் போக அதைத்தான் கைக்குப் போட்டுத் தேய்த்தார்.

மகளுக்கென்று காய்ச்சியது வேறு. மருத்துநீருக்குப் போகும் பூவையும் இலையையும் மாசி பிறக்குமுன்னே நிழலில் உலர்த்தி, இடித்து, களிக்குள் கலந்தாள். வெளியிலே தெரியாமலிருக்கச் சிரட்டையின் அடியில் காய்ந்த பூக்களை அடுக்கினாள். செம்பரத்தையை வைத்துப் பார்த்தாள்; அது காரத்தில் கறுத்துக் கரப்பான் செட்டை மாதிரி ஆகிவிட்டது. தாமரை இதழ் பழுத்துப்போனது. செவ்வந்தி மட்டும் மஞ்சள் குறையாமல் நின்றது. நடுவில் ஒரு முழுச் செவ்வந்தி, சுற்றிவர மகிழம்பூ. சிரட்டையைத் தட்டிக் கவிழ்த்ததும் அவளே அசந்துபோனாள். என்ன வடிவு!

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள், வீடு வீடாக முட்டை வாங்கி மானிப்பாயில் விற்கும் யோசப்பின். நல்லவள், ஆனால் அவளும் வேதக்காரி. அதனால் உள்ளே இருப்பது மருத்துநீர்ச் சரக்கு என்று சிவக்கொழுந்து அவளிடம் மூச்சும் விடவில்லை. விஷயம் சிமியோன் வீட்டுக்குத் தெரிந்தால் பிள்ளைக்கல்லவா சங்கடம்? “பூச்சவர்க்காரம், பிள்ளையிட்டைக் குடுத்துவிடு” என்று மட்டும் சொல்லிவிட்டாள். வருடப்பிறப்பன்று கிணற்றடியில் நின்று மானிப்பாய்ப் பக்கம் பார்த்தாள். இந்நேரம் பிள்ளை தலையில் தேய்க்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த கிழமை முட்டைக் கடகத்தோடு யோசப்பின் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, உங்கடை சவர்க்காரத்தைப் பிள்ளை எங்கை வைச்சிருக்குது தெரியுமே? கண்ணாடி அலுமாரியிலை, கோப்பையளுக்கு நடுவிலை! வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டுது.”

“குளிக்கேல்லையே?”

“ஐயோ, உதைக் கொண்டுபோய் ஆராவது குளிப்பினமே!”

சிவக்கொழுந்துக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. யோசப்பின் படலை தாண்டியதும் பெருமை வடிந்துவிட்டது. அலுமாரிக்கா மருத்துநீர் வைத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுவருடமும் காய்ச்சினாள். இந்த முறை, “வருசப்பிறப்பண்டைக்குத் தலைக்கு வைச்சுக் குளிக்கச் சொல்லு” என்று ஆயிரம் தரம் சொல்லி அனுப்பினாள். ஆனால் கை சும்மா இருந்தால்தானே! பிள்ளைக்குப் போகிறது என்று நினைத்ததும் விரல்கள் தாமாகவே பூவை அடுக்கின. போன வருடத்தைவிட இரண்டு வரிசை கூட. பாலேஸ்வரி சொல்லி அனுப்பிய மறுமொழி இது: “இவ்வளவு வடிவானதை உரைச்சுக் கரைக்க எனக்கு மனம் வரேல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ.” கண்ணாடி அலுமாரியில் இப்போது இரண்டு.

மூன்றாம் வருடம் சிவக்கொழுந்து ஒரு முடிவுக்கு வந்தாள். வடிவுதானே கெடுக்கிறது? வடிவே இல்லாமல் செய்துவிட்டால்? பூவையெல்லாம் மாவாக இடித்து உள்ளே கொட்டினாள். மேலே ஓர் இதழ்கூட வைக்கவில்லை. சிரட்டையிலும் அமத்தாமல் கையால் உருட்டி, சாணி உருண்டை மாதிரி ஒன்றைச் செய்தாள். அதைப் பார்க்க அவளுக்கே அருவருத்தது. பிள்ளைக்கு இப்படி ஒன்றை அனுப்புகிறோமே என்று கண் கலங்கியது. இருந்தாலும், இதை எந்த விசரி அலுமாரியில் வைப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்தனுப்பினாள்.

வருடப்பிறப்புக்கு மூன்று நாள் இருக்க யோசப்பின் வந்தாள். இந்தத் தரம் சிரிப்பில்லை. கடகத்தை இறக்கி வைக்கவுமில்லை.

“என்ன அக்கா நீங்கள்! பிள்ளை அதைப் பாத்திட்டு அழுத அழுகை என்னாலை பாக்கேலாமல் போச்சுது. ‘அம்மாவுக்கு என்னிலை கோவமே? ஒரு பூ வைக்கவும் மனமில்லாமல் போச்சுதே?’ எண்டு கேட்டுக் கேட்டு அழுதுது. பிறகு துணியிலை சுத்திப் பெட்டியுக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுது.”

சிவக்கொழுந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அட கடவுளே! பிள்ளையின் தலையைத் தொட ஆசைப்பட்டு, பிள்ளையின் நெஞ்சில் அல்லவா குத்திவிட்டாள்! இனி எந்தச் சவர்க்காரத்தைக் காய்ச்சி, எந்த யோசப்பினிடம் கொடுத்து, எந்தக் கோபத்தை இல்லையென்று சொல்வது? அந்த மூன்று நாளும் அவள் கதிரவேலுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைக்கும் புண்ணியகாலம் காலையிலேயே தொடங்கியது. அவருக்கு மூத்தவர் வீட்டில் இல்லாததால், கோயிலில் வாங்கிய மருத்துநீரைப் புருஷனின் தலையில் அவளே வைத்தாள். தானும் வைத்துக்கொண்டு முழுகினாள். மிஞ்சியதைச் செம்பில் வார்த்து, வாயை வாழையிலையால் மூடிக் கட்டினாள். தலைக்கும் காலுக்குமான இலைகளை மடியில் செருகிக்கொண்டாள். கதிரவேலு புது வேட்டி கட்டிக்கொண்டு தேங்காயோடு தேங்காய் மோதும் போர்த்தேங்காய் விளையாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவள் செம்போடு அவர் முன்னால் போய் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, நான் மானிப்பாய்க்குப் போட்டு வாறன்.”

அவர் கையிலிருந்த தேங்காயைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துத் தட்டினார். சிவக்கொழுந்து நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“வாசலை மட்டும் மிதியாதை” என்றார் கடைசியில்.

“மிதிக்கமாட்டன்” என்றாள்.

மகளைப் பற்றி மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயில் ஏறிவிட்டது. ஒரு சொட்டும் சிந்தாமல் செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சந்தி தாண்டி, தோட்டவெளி தாண்டி நடந்தாள். அவளை முந்திக்கொண்டு போன சைக்கிள்காரர்கள் இது என்ன கோலம் என்று திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

யோசப்பின் சொன்ன அடையாளத்தில் வீட்டைக் கண்டுபிடித்தாள். படலைக்கு வெளியே, தெருவிலேயே நின்று கூப்பிட்டாள்.

“பாலேஸ்... பிள்ளை, பாலேஸ்!”

முதலில் எட்டிப் பார்த்தவன் சிமியோன். ஓடிவந்து படலையை அகலத் திறந்துவிட்டு, உள்ளே திரும்பிப் பெண்சாதியைக் கூப்பிட்டான். பாலேஸ்வரி ஈரக்கையோடு வந்தாள். தாயைக் கண்டதும் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டாள். மெலிந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது.

“உள்ளை வாங்கோ, அம்மா.”

“வரமாட்டன், மோனை. வாசலை மிதிக்கமாட்டனெண்டு கொப்பருக்குச் சொல்லிப்போட்டு வந்தனான். நீ வெளியிலை வா.”

மகள் தெருவுக்கு வந்தாள். சிவக்கொழுந்து மடியிலிருந்த இலைகளில் ஒன்றை அவள் காலடியில் போட்டாள். மற்றதை உச்சியில் வைத்தாள். செம்பைக் கட்டியிருந்த நாரை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

“உனக்கு அனுப்பின சவர்க்காரம் எல்லாத்துக்குள்ளையும் உதுதான் இருந்தது, மோனை. கோவத்திலை பூ வைக்காமல் விடேல்லை. நீ தலைக்கு வைக்கோணுமெண்டுதான்...”

“எனக்குத் தெரியும், அம்மா.”

“என்ன தெரியும்?”

“முதல் வருசமே மூக்கிலை வைச்சு மணந்து பாத்தவுடனை மருத்துநீர் எண்டு தெரிஞ்சுது. பூ வைக்காமல் விட்டதுதான் விளங்கேல்லை. குளிச்சால் கரைஞ்சு போயிடும். பிறகு எனக்கு என்ன இருக்கு?”

மகள் கண்ணை மூடித் தலையைக் குனிந்தாள். நல்ல வெயிலில், போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, தாய் மருத்துநீரை உள்ளங்கையில் வார்த்து அந்த உச்சியில் வைத்துத் தப்பினாள். மஞ்சள் நீர் நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்து சட்டையை நனைத்தது. இன்னொரு கை வைத்தாள். இன்னொரு கை.

“இன்னும் கொஞ்சம் விடுங்கோ, அம்மா” என்றாள் பாலேஸ்வரி, தலையை நிமிர்த்தாமலே.

செம்பில் ஒரு சொட்டும் இல்லை. சிவக்கொழுந்து அதைச் சொல்லவில்லை. வெறுங்கையை மகளின் உச்சியில் வைத்து, தேய்த்துக்கொண்டே நின்றாள்.