ஊருக்கே மாமியார்

நமங்கான் நகரச் சந்தையில் இனோபத் தக்காளி வாங்கப் போனால் வெறும் தக்காளியோடு திரும்ப முடியாது. கூடவே நாலு வசவும் சேர்ந்து வரும்.

"அந்தப் பச்சப் புள்ளைய அப்படிப் படுத்துறீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?" என்று வெங்காயக்காரி கேட்பாள். முந்தின நாள் தொலைக்காட்சித் தொடரில் ஹோசியத் என்கிற மாமியார், மருமகளின் சீர்ப்பெட்டியைத் தெருவில் தூக்கி எறிந்திருப்பாள். ஹோசியத்தாக நடிப்பது இனோபத்.

"அடுத்த வாரம் இன்னும் படுத்துவேன், விடாமப் பாரு. இப்ப அழுகல் இல்லாமப் பொறுக்கிப் போடு" என்பாள் இனோபத். திட்டு வாங்குவதில் அவளுக்கு அப்படி ஒரு குஷி. கைதட்டினவர்கள் வெளியே போனதும் மறந்துவிடுவார்கள், திட்டினவர்கள் மறக்கவே மாட்டார்கள் என்பது அவள் கட்சி. மகன் முரோதிலுக்குப் பெண் கேட்கப் போகும்வரை அந்தக் கட்சி தோற்கவேயில்லை.

இனோபத் நகரத்து இசை நாடக அரங்கில் சேர்ந்தது கல்யாணமான புதிதில். அவள் கணவர் ஹக்கீம்ஜான் அங்கே தோய்ரா மேளம் வாசித்தார். முதலில் அவளுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்று பாடுகிற வேலைதான். பருத்தி எடுக்கும் பருவத்தில் அரங்கமே வயல்களுக்குக் கிளம்பிப் போகும். லாரியின் பின்பலகையை இறக்கிவிட்டால் அதுதான் மேடை. ஒரு வருஷம் கதாநாயகி தூசிக்குப் பயந்து பேருந்தை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். வயலில் ஜனங்கள் பருத்தி மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். இனோபத் யாரையும் கேட்கவில்லை. லாரியில் ஏறினாள், பாடினாள். அவர்கள் அவளை இறங்க விடவில்லை. திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். மறுவருஷம் சுவரொட்டியில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது.

அப்புறம் எத்தனை வருஷம் அவள் கதாநாயகி! முரோதிலை வயிற்றில் சுமந்துகொண்டு, தொளதொளவென்று பட்டு அங்கி போட்டுக்கொண்டு, கன்னிப்பெண் காதலனை நினைத்து உருகுகிற பாட்டைப் பாடினாள். முன்வரிசை மூக்கைச் சிந்தியதே தவிர வயிற்றை ஒருவரும் கவனிக்கவில்லை. ஹக்கீம்ஜான் மறைந்தபோது, இனி இவள் எழுந்திருக்க மாட்டாள் என்றார்கள். எழுந்தாள். குரல் கீழே இறங்கியது. அம்மா வேஷம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவளோ, "அம்மா பாட மாட்டாளா என்ன?" என்று சண்டை போட்டு ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு பாட்டு வாங்கினாள். அவள் கதை முடிந்தது என்று பேசின இயக்குநர்களெல்லாம் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அவள் இன்னும் மேடையில் நிற்கிறாள்.

தலை நரைத்த பிறகுதான் திரை அவளைத் தேடி வந்தது. ஹோசியத் சில வாரங்களில் செத்துப்போகிற பாத்திரம்தான். இனோபத் இடுப்பில் கை வைத்து, முகவாயைத் தூக்கி வாயைத் திறந்தாள். அதற்கப்புறம் அவளைச் சாகடிக்க எழுத்தாளருக்கு மனசு வரவில்லை. பேட்டி எடுக்க வந்த பெண், "இந்த நாக்கு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு, ஓபா?" என்று கேட்டாள். அங்கே மூத்தவளை அப்படித்தான் அழைப்பார்கள். "எங்க மாமியாரோடது" என்றாள் இனோபத். அதற்குமேல் அவள் சொன்னதையெல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டும் காட்டினார்கள். ஐயோ பாவம், எவ்வளவு பட்டிருக்கிறாள் என்று ஊரே உச்சுக்கொட்டியது. வசவையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கினவளுக்கு அந்தப் பரிதாபம் மட்டும் முள்ளாகக் குத்தியது.

முரோதில் மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தான். ஒருநாள் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் பர்ச்சின் கட்டுப் போட்டாள். கை சேர்ந்தது, மனசு அவளிடமே நின்றுவிட்டது. கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான். இனோபத் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பெண் கேட்கப் போனாள். பெண் வீட்டார் சம்மதித்தால் அந்த ரொட்டியைப் பிய்ப்பார்கள். இல்லாவிட்டால் கொண்டுபோனது அப்படியே கைக்குத் திரும்பும். இரண்டு தடவை போயும் முழு ரொட்டிதான் திரும்பி வந்தது. முரோதில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். கைதட்டலுக்கே வாழ்ந்த நம்மால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று இனோபத்துக்கு முதன்முறையாகப் பயம் வந்தது.

மூன்றாம் தடவை பக்கத்துவீட்டுக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெண்ணின் அம்மா ஹனிஃபா கணவனை இழந்தவள், அதிகம் பேச மாட்டாள். அந்த வீட்டில் பேச்செல்லாம் பெண்ணின் அத்தை சோஜிதாவுடையது.

"பையன் தங்கம்தான், நாங்க இல்லைங்கல" என்றாள் சோஜிதா. "ஆனா எங்க பொண்ண ஹோசியத் வீட்டுக்குக் குடுத்தோம்னு ஊர் சிரிக்கும். இந்த ரொட்டியத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க, இனிமே அந்த வேஷம் போட மாட்டேன்னு. இப்பவே பிய்ச்சிடலாம்."

பக்கத்துவீட்டுக்காரி இனோபத்தின் தொடையைக் கிள்ளினாள். ஒரு வார்த்தைதான், சொல்லித் தொலையேன் என்று அர்த்தம். இனோபத் ரொட்டியைப் பார்த்தாள். மகன் முகம் கண்முன் வந்தது.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். நடிக்கிறது என் பொழப்பு, என் உசுரு. வேற எது கேட்டாலும் தரேன்."

"அப்ப எழுந்திருங்க." சோஜிதா டீ கொண்டு வந்த பர்ச்சின் பக்கம் திரும்பினாள். "எல்லாம் இவளால வந்தது. ராத்திரி டூட்டி, ஆம்பளைங்களோட வண்டியில ஊர் சுத்தல். அடக்கமா வீட்டுல இருந்திருந்தா இப்படி ஒரு சம்பந்தம் வாசல் மிதிச்சிருக்குமா?"

பர்ச்சின் முகம் சிவந்து டீக்கோப்பையோடு அப்படியே நின்றாள். இனோபத் எழுந்தாள். கை தானாக இடுப்புக்குப் போனது, முகவாய் உயர்ந்தது.

"ஏய்! அந்தப் பொண்ணு ராத்திரி வேலைக்குப் போனா உனக்கு ஏண்டி எரியுது? உன் வீட்டு அடுப்புல நெருப்பு செத்துப்போச்சுன்னு ஊரான் வீட்டுல பத்தவைக்க வந்தியா? நாளைக்கு உனக்கு மூச்சு முட்டினா யாரக் கூப்பிடுவ? அடக்கமா வீட்டுல உக்காந்திருக்கிறவளையா? இவளத்தான் கூப்பிடுவ! இவ வண்டி வந்து நிக்கும்போது, அடக்கம் இல்லாதவ தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுச் சாவியா? அந்த வாய மூடு, இல்ல நான் வந்து மூடுவேன்!"

சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். ஒருத்தி கைகூடத் தட்டிவிட்டாள். காரியம் கெட்டது என்று இனோபத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாத்தியா அண்ணி, பாத்தியா!" சோஜிதா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இதே நாக்கு! டிவில வர்ற அதே நாக்கு!"

"அதே நாக்குதான்" என்றாள் இனோபத். "எங்க மாமியார் தோஜினிசோவோடது. மருமகள மேடையில ஆட விட்டுட்டு வெக்கமில்லாம இருக்கியேன்னு தெருப் பொம்பளைங்க கேக்க வந்தப்ப, மாமியார் வாசல்ல நின்னு பேசின பேச்சு இது. சல்லடையத் தூக்கிட்டு அடிக்கப் போனாங்க. என்னை ஒரு நாளும் ஒரு சொல்லு சொன்னதில்ல. புள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் பாடுன்னாங்க. அவங்க எனக்காக நிக்கலேன்னா நான் ஒரு பாட்டோட வீட்டுக்கு வந்திருப்பேன்."

இனோபத் ரொட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். ஹனிஃபா முந்திக்கொண்டு அதைக் கையில் எடுத்தாள்.

"இவளுக்கு வெள்ளிக்கிழம ராத்திரி டூட்டி. விடிஞ்சு வருவா" என்றாள் ஹனிஃபா. "கதவு யார் தொறப்பா?"

"நான் தொறப்பேன்."

"தெருவுல யாராவது ஏதாவது சொன்னா?"

"சொல்லித்தான் பாக்கட்டுமே!"

ஹனிஃபா ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். "இவ அப்பா போனதுலேருந்து இவளுக்காகச் சண்டை போட ஒரு ஆளு இல்ல, ஓபா. எனக்கு வாய் கிடையாது. இனிமே உங்க வாய் இவளுக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

முதல் துண்டைச் சோஜிதாவிடம் நீட்டினாள். சோஜிதா உர்ரென்ற முகத்தோடே வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.