ஞானம்மா விற்காத போல்ட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை ஜித்ராவிலிருந்து ஞானம்மாவின் தங்கை கடைக்குப் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க. நாளைக்கு நாலு மணிக்கு மாதா கோயில்ல பூசை." அவ்வளவுதான் பேச்சு. அந்தக் குடும்பத்தில் யாரும் என்னோடு நீட்டிப் பேசுவதில்லை. அது ஏன் என்று ஞானம்மாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மலர் வளையம் நின்றது. 'நேர்மையின் இருப்பிடம்' என்று தங்க நிறத்தில் எழுத்து. அனுப்பியவர் அலோர் ஸ்டாரில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளி. அந்த நேர்மையைக் கடையைவிட்டுத் துரத்தியவரும் அவரே. அதன் பக்கத்தில் கைகட்டி நின்றவன் நான்.

எழுபதுகளில் ஞானம்மாவும் நானும் ஒரே கவுண்டரில் நின்றோம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், எனக்கு அக்கா. துரைமார் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன இங்கிலீஷ் வண்டிகள் கெடா தோட்டங்களில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சின் சாமான்கூட எப்படியோ கிடைத்துவிடும். பெட்ரோல் டாங்கியைச் சட்டத்தோடு பிடிக்கும் நாலு போல்ட்டும் அதன் ரப்பர் வாஷரும்தான் கிடைக்காது. ஜப்பான் போல்ட்டு பார்வைக்கு அதன் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். முதல் மூன்று சுற்று கையாலேயே ஏறும். அதற்குமேல் ஸ்பேனர் போட்டால் மரையைத் தின்றுவிடும். நீளம் கொஞ்சம் கூடினாலும் போதும், கீழிருந்து ஏறி டாங்கியின் அடித்தகட்டைக் குத்திவிடும்.

அக்கா வாய்ச்சொல்லை நம்பி ஒரு போல்ட்டும் விற்றதில்லை. பழையதைக் கொண்டுவர வேண்டும். தொலைந்துவிட்டதா? ஓர் ஈர்க்குச்சியை அந்த ஓட்டைக்குள் விட்டு, நிற்கும் இடத்தில் நகத்தால் கீறிக் கொண்டுவர வேண்டும். "ஈர்க்கு பொய் சொல்லாது. ஆம்பளைங்கதான் கிட்டத்தட்டன்னு சொல்வாங்க" என்பார். ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கோத்தா கோலா மூடாவுக்குப் போவார். அங்கே பழைய இரும்புக் கடையில், உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்த இங்கிலீஷ் வண்டிகளிலிருந்து போல்ட்டுகளைக் கழற்றி வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தனி டப்பாவில் போடுவார். முதலாளி ஒருநாள் எரிச்சலோடு, "சேம் லா, ரெண்டும் ஒண்ணுதான், ஜப்பானைக் குடுத்து அனுப்பு" என்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சேம்னா ஏன் முதலாளி ரெண்டு டப்பாவுல வச்சிருக்கோம்?"

இன்னொரு நாள் ஒரு தோட்டத்து ஆள், டாங்கிக்கு அடியில் வாஷருக்குப் பதிலாகப் புகைக்கூடத்து ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்துவிட்டு, அது கொழகொழவென்று உருகிவிட்டதாகப் புகார் கொண்டுவந்தார். அக்கா அந்தப் பசையை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கினார். "எங்கம்மா முப்பது வருசம் பால் வெட்டுனவங்க. பச்சை ரப்பருக்குப் பெட்ரோல் ஆகாதுன்னு தோட்டத்துல பொறந்த உங்களுக்குத் தெரியாதா அண்ணே?" அந்த ஆள் முகம் சுளித்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இனி என் லட்சணத்தைக் கேளுங்கள். அக்கா காய்ச்சலில் படுத்திருந்து, முதலாளியும் கடையில் இல்லாத ஒருநாள், தோட்டத்து லோரி டிரைவர் ராமையா அண்ணன் தன் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளுக்காக ஓர் உறையை ஆள் மூலம் அனுப்பியிருந்தார். உள்ளே கீறிய ஈர்க்கு. நான் அதை அளக்கவே இல்லை. சோம்பல், வேறொன்றுமில்லை. உறையைக் கவுண்டரில் போட்டுவிட்டு, கைக்கு எட்டிய ஜப்பான் டப்பாவிலிருந்து நாலு போல்ட்டை எடுத்துக் கொடுத்து, "சேம் லா" என்றேன். மூன்றாம் நாள் டாங்கி ஓட்டையாகி, சூடான எஞ்சினில் பெட்ரோல் கொட்டித் தீப்பிடித்தது. ராமையா அண்ணனின் வலது தொடை வெந்துபோனது. இன்றும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்தி, "யார் வித்தது?" என்று கத்தினார். என் வாயில் கொழுக்கட்டை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இங்கிலீஷ் வண்டி சாமான் என் பொறுப்பு" என்றார். அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். ஊர் முழுக்க ஞானம்மா விற்ற போல்ட்டு என்றே பேசியது. நானும் தலையாட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து ஜித்ரா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "ஒரு வாரத்துல நீயே போய்ச் சொல்லிடுவேன்னு நெனச்சேன் தம்பி. அதுக்குத்தான் அன்னிக்கு வாய மூடிக்கிட்டேன்" என்றார். உள்ளே போய், அன்று கவுண்டரிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்த உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இது உன்னோடது." அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. சாக்குகள் நிறைய வைத்திருந்தேன், ஒன்றும் தேறாது.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்ட வாசலில் முதலாளியிடம் சொன்னேன். "அந்த போல்ட்டை வித்தது அவங்க இல்ல. நான்." கார்க் கதவைத் திறந்தார். "அவங்க வித்தா என்ன, நீ வித்தா என்ன? நடந்தது நடந்துபோச்சு. எல்லாம் சேம் லா." சொல்லிவிட்டு ஏறிப் போனார். அவர் மேல் காறித் துப்பத் தோன்றியது. ஆனால் அந்தச் சொல்லைக் கவுண்டரில் நின்று நானும் சொன்னவன்தானே.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஈர்க்கு ஒன்றுதான். நேற்றுத்தான் முதல்முறையாக அதை அளந்தேன். கீறல் அரை அங்குலத்தில் இருக்கிறது. நான் விற்ற போல்ட்டு முக்கால் அங்குலம். ராமையா அண்ணன் அடக்கத்துக்கு வரவில்லை. ஞானம்மா என்ற பெயரைக் கேட்டாலே இன்றும் தரையில் துப்புகிறார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போகிறேன். ஈர்க்கை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொல்வேன். அதற்குமேல் அவர் துப்பினால், துப்ப வேண்டிய ஆள் எதிரிலேயே நிற்பான்.