கறுப்பு வண்டியும் கண் ஆபரேஷனும்

அமுதவல்லி சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். பஸ்ஸில் கண்டக்டர் சீட்டைக் காட்டச் சொன்னால், சீட்டு கையில் இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். தக்காளித் தோட்டங்களில் பறிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பு வலி வந்து குனிய முடியாமல் போனபின், வீடு வீடாகக் கார் துடைக்கும் வேலைக்கு மாறினாள். விடிந்ததும் அதியமான்கோட்டையிலிருந்து சைக்கிளில் கிளம்பினால், பைபாஸை ஒட்டிய புதுக் குடியிருப்பில் எட்டு மணிக்குள் பதினோரு வண்டிகளைத் துடைத்துவிடுவாள்.

அந்தப் பதினொன்றில் அவளை நடுங்க வைத்தது ஒரே ஒரு வண்டி. தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற குப்புராஜ் ஆசையாக வாங்கிய கறுப்புக் கார். முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்:

"ஒரு கோடு வுழுந்துச்சின்னாலும் அப்புறம் இந்தப் பக்கமே வராத."

அது மாசி மாதம். ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் லாரிகள் கிளப்பிய செம்மண் தூசி ராத்திரியோடு ராத்திரியாக வண்டிமேல் மாவு சலித்ததுபோல் படிந்திருக்கும். அமுதவல்லி பழைய துண்டை உதறி, உலர்ந்த துண்டாலேயே வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தாள். வீட்டுப் பாத்திரத்தை எப்படித் தேய்ப்பாளோ அப்படி. போர்ட்டிகோ நிழலில் வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது.

மூன்றாவது வாரம் போர்ட்டிகோவுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் வண்டியைத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள். காலை வெயில் பானெட்டின்மேல் விழுந்திருந்தது. சூரியன் எதிரொளித்த இடத்தைச் சுற்றிலும் சிலந்தி வலைபோல மெல்லிய கீறல்கள், ஆயிரம் இருக்கும். அமுதவல்லி எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். குப்புராஜ் வந்து பக்கத்தில் நின்றார்.

"எப்படி, பளபளன்னு இருக்குதில்ல?"

கேலி செய்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. "ஆமாங்கய்யா, பளபளன்னு இருக்குதுங்க" என்றாள். அவர் திருப்தியாக உள்ளே போனார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை என்பது மறுநாள் அவர் மனைவி ஜானகியம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. "ஆபரேஷன்னா பயம் அமுதா. நாலு வருசமா தள்ளிப் போட்டுட்டே இருக்கறாரு."

அன்றே அவள் சேலம் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் கொட்டகை வைத்திருக்கும் சவுரியப்பனிடம் போனாள். யார் வண்டி என்று சொல்லாமல் கேட்டாள்.

"தூசின்னா பொடி மணலு தங்கச்சி. அதை வெறுந்துணியில அழுத்தித் தேச்சா உப்புத்தாள் போட்ட கணக்குதான்" என்றார் அவர். பஞ்சுபோன்ற மைக்ரோ துணி ஒன்றையும், தூசியை வழுக்கி எடுக்கும் தெளிப்பு மருந்து பாட்டில் ஒன்றையும் கையில் கொடுத்தார். "லேசான தூசின்னா, வண்டி சூடு ஆறியிருக்கும்போது இந்த மருந்தத் தெளி. மேல இருந்து கீழ, ஒரே பக்கமா இழு. துணியோட எடைக்கு மேல உன் கை எடை வுழக்கூடாது. ஒரு பக்கம் அழுக்கானா மடிச்சி வேற பக்கம். கீழ வுழுந்த துணிய திரும்பத் தொடாத. தூசி கனமா இருந்தா தொடைக்கவே கூடாது, தண்ணி அடிச்சிக் கழுவணும். வளையலக் கழட்டி வெச்சிடு."

அதன்பின் அவள் ஒரு கீறல்கூடப் போடவில்லை. ஆனால் போட்டது போட்டதுதான். வீட்டில் கார் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டாலே, வண்டி வெயிலுக்குப் போகிறதே என்று மனம் பதறும். யாராவது விருந்தாளி வந்து பானெட்டைப் பார்த்தால் அவளுக்கு மூச்சு நின்று வரும்.

வைகாசியில் ஜானகியம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள்: "ஒருவழியா ஒத்துக்கிட்டாரு. வர்ற புதன்கிழமை சேலத்துல ஆபரேஷன்."

அமுதவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. அது நடக்கக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டாள். சர்க்கரை ஏறியிருந்ததால் டாக்டர் நாள் தள்ளிவைத்தார். அப்பாடா என்றிருந்தது. அந்த வாரமே குப்புராஜ் படி தெரியாமல் தடுக்கி விழுந்தார். நெற்றியில் ரத்தம் வழிய, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சுவரைத் தடவிக்கொண்டு எழுந்ததை அவள் துணியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வேண்டுதல்தான் அவரைத் தள்ளிவிட்டது என்று தோன்றியது. அன்று அவளுக்கு வந்தது வேறு வகைப் பயம். கோயிலுக்குப் போய் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஆனியில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அவரே வண்டியைத் தெருவுக்கு எடுத்தார். இறங்கி வந்தவர் பானெட் முன்னால் நின்றுவிட்டார். குனிந்தார். விரலால் தடவினார்.

"ஜானகி, இங்க வந்து பாரு. இது என்ன இப்படி ஆயிருக்குது?" அவர் மறுபடி தடவிப் பார்த்தார். "சாயங்காலத்துல நான்தான் வேட்டி முனையால தொடைப்பேன். கண்ணு தெரியாம நானே கெடுத்துட்டனா?"

அமுதவல்லி வாளியோடு பக்கத்தில் நின்றிருந்தாள். பேசாமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அவர் தன் வேட்டி முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படிப் பார்த்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"அது நான் பண்ணதுங்கய்யா. மாசி மாசம். வெறுந்துண்டுல தேச்சிட்டனுங்க."

"மாசியிலயே தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

"எம்பக்கத்துல நின்னுக்கிட்டு பளபளன்னு இருக்குதுன்னு சொன்னியேம்மா."

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நாளைக்கு வர வேணாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மற்ற பத்து வீடுகளிலும் சொல்லிவிடுவாரோ என்று மூன்று நாள் ஒவ்வொரு வீட்டு கேட்டையும் பயந்து பயந்து திறந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாலாம் நாள் ஜானகியம்மாள் தெருவில் நின்று கைகாட்டினாள்.

"சவுரியப்பங்கிட்டக் கொண்டுபோய் பாலிஷ் போட்டாச்சு. முக்காவாசி போயிடுச்சி. எது யாரு போட்ட கோடுன்னு அந்த ஆளாலயே சொல்ல முடியல. உள்ள வா, கூப்புடறாரு."

குப்புராஜ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டிக்கு ஒரு கை தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வணக்கம் வைத்ததற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

"இனி நான் இங்க உக்காந்திருக்கும்போதுதான் தொடைக்கணும்."

"சரிங்கய்யா."

அவள் மருந்தைத் தெளித்து, கூரையிலிருந்து துணியை இழுக்கத் தொடங்கினாள். கை எடை விழாமல் பார்த்துக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆபரேஷன் செய்த கண்ணால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.